பீலிக்கு மேலே இருந்த மரங்கள்

ராகலை
14.3.1988

மகளுக்கு,

நீ லீவு போட்டுவிட்டு அட்டனுக்குப் போனது சரியென்று நான் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

அன்று வகுப்பில், புகை கூடினால் பூமிக்குக் கம்பளி போர்த்தியதுபோலச் சூடு உள்ளேயே தங்கும், மரங்களை வெட்டினால் அது இன்னும் கூடும், ஊற்றுகள் வற்றும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தாய். உனக்குச் சோறு கொண்டுவந்த நான் வாசலில் நின்று, "இந்தக் குளிருக்குக் கம்பளி நல்லதுதானே, டீச்சரம்மா?" என்றேன். பிள்ளைகள் சிரித்தார்கள். நீ சோற்றைத் தொடவே இல்லை.

அதற்குச் சற்று முன்புதான் கஸ்பரின் மகள், "நாம தண்ணி புடிக்கிற பீலிக்கு மேல இருந்த மரத்தையெல்லாம் யாரு டீச்சர் வெட்டுனாங்க?" என்று கேட்டாள். நீ என்னைப் பார்த்துவிட்டு, "யாரோ வெட்டிட்டாங்க" என்றாய். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

தேயிலை பாக்டரி அடுப்புக்கு விறகு வேண்டுமென்று தோட்டத்துத் துரை சொன்னார். மறுத்திருந்தால் என் வேலை போயிருக்கும். ஆனாலும் ஆள் சேர்த்ததும் முதல் மரத்தை வெட்டியதும் நான்தான். இப்போது பீலியில் தண்ணீர் நூலாக வடிகிறது. குடத்தோடு நிற்கும் பெண்கள் என்னைக் கண்டதும் பேச்சை நிறுத்துகிறார்கள்.

மன்னிப்புக் கேட்க எனக்கு வராது. நீ வந்து அந்தப் பாடத்தை மறுபடி நடத்து. "எங்க அப்பாதான் வெட்டுனாரு" என்று சொல். பிள்ளைகளோடு கடைசி வாங்குப் பலகையில் உட்கார்ந்து கேட்டுக்கொள்கிறேன்.

உன் அப்பா