கதவுப் பக்கம்

ஜூலை 6, ஞாயிறு

இன்று தீயணைப்பு நிலையம். வருஷத்தில் ஒரு நாள் மட்டும் பொதுமக்களை உள்ளே விடுவார்கள், அதுவும் இலவசமாக. இலவசம் என்றால் எங்கள் அப்பா இளவரசர், முதல் ஆளாகப் போய் நிற்பார். இந்தப் பள்ளி விடுமுறைக்கு டிப்போவில் லீவு போட்டுவிட்டு என்னையும் தம்பி குண்டூசியையும் ஊர் முழுக்க மேய்த்துக்கொண்டிருக்கிறார். நூலகத்தில் கதை நேரம், ஆற்றங்கரையில் பட்டம், இப்போது இது. அம்மாவுக்குத் திரைச்சீலை தைக்கும் கடையில் லீவு கிடையாது. "நீங்க மூணு பேரும் வீட்டுல இல்லேன்னா அதுவே எனக்கு லீவு" என்கிறாள்.

குண்டூசிக்கு ஹெல்மெட் மாட்டிவிட்டார்கள். ஹெல்மெட் தெரிந்தது, தம்பியைக் காணவில்லை.

எங்கள் குடும்ப விளையாட்டு காது வேட்டை. வெளியே போகும்போது, ஒருவர் கவனிக்காத நேரம் பார்த்து இன்னொருவர் அவர் காதைத் தொட்டுவிட வேண்டும். தோற்றவர் தண்ணீர்ப் பையைச் சுமக்க வேண்டும். அப்பாவை இதில் யாரும் ஜெயித்ததே இல்லை. பஸ் டிரைவர், எல்லாக் கண்ணாடியையும் ஒரே பார்வையில் பார்த்துப் பழகியவர். நான் கையைத் தூக்கும்போதே முன்னால் பார்த்தபடி "வேண்டாம்டி வாலு" என்பார். பஸ்ஸையும் ஓட்டுவார், என்னையும் ஓட்டுவார்.

இன்று அவருடைய இடது காது என் சொத்து. தொட்டேன், தொட்டேன், தொட்டுக்கொண்டே இருந்தேன். பை அவர் தோளில். நான் மகாராணி!

ஜூலை 8, செவ்வாய்

நீரூற்றுப் பூங்கா. மறுபடியும் நானே ஜெயித்தேன். இதில் என்ன பெருமை? மீன் தானாகக் குதித்து வந்து கூடையில் விழுந்தால் வலை வீசியவனுக்கு என்ன மரியாதை?

வேண்டுமென்றே விட்டுக்கொடுக்கிறாரோ என்று ஒரு சோதனை வைத்தேன். அவருக்கு இடது பக்கமாக, நாக்கைத் துருத்தி, கண்ணைச் செருகி, உலகத்திலேயே அசிங்கமான முகத்தை வைத்துக்கொண்டு குளத்தைச் சுற்றி நடந்தேன். எதிரே வந்த குழந்தை சிரித்தது. அதன் அம்மா முறைத்தாள். அப்பா மீன்கள் எப்படித் தூங்கும் என்று குண்டூசிக்குச் சொல்லிக்கொண்டு வந்தார்.

பிறகு வலது பக்கம் போய் ஒரே ஒரு விரலைத் தூக்கினேன்.

"வேண்டாம்டி."

ஜூலை 9, புதன்

காலையில் அப்பா சமையலறைக் கதவு நிலையில் இடது தோளை இடித்துக்கொண்டார். "வீட்டைத்தான் அகலப்படுத்தணும்" என்றாள் அம்மா. எல்லோரும் சிரித்தோம். எனக்கு மட்டும் சிரிப்பு கொஞ்சம் தாமதமாக வந்தது.

ஜூலை 12, சனி

எழுதவே கை வரவில்லை. எழுதாவிட்டாலும் இருக்க முடியவில்லை.

அறிவியல் கூடத்தில் இன்று குடும்பங்களுக்கு இலவசம். மாடியில் ஒரு மேசை, அரைவட்டப் பலகை. நேர் விளிம்பின் நடுவில் மூக்கை வைக்க ஒரு பள்ளம், எதிரே ஒரு சிவப்புப் புள்ளி. புள்ளியை மட்டுமே பார்க்க வேண்டும். இன்னொருவர் பலகை ஓரமாக ஒரு கட்டையை நகர்த்திக்கொண்டு வருவார். கண்ணைத் திருப்பாமலே கட்டை தெரிந்ததும் "தெரியுது" என்று சொல்ல வேண்டும். குண்டூசி, கட்டை கிளம்பியதுமே கத்தினான். எனக்கும் அப்படித்தான். 'கண்காட்சின்னு சும்மாவா சொல்றாங்க, கண்ணையே காட்சிக்கு வெச்சிருக்காங்க' என்று ஜோக் வேறு அடித்தேன்.

"அப்பா, உங்க டர்ன்."

"எனக்கெதுக்குடி?"

பின்னால் ஒரு குடும்பம் நின்று பார்த்துக்கொண்டிருந்தது. அதனால்தான் உட்கார்ந்தார் என்று இப்போது தோன்றுகிறது.

வலது பக்கம் சரியாகச் சொன்னார். இடது பக்கம் நான் நகர்த்தினேன். கால்வாசி வந்தது. பாதி வந்தது. அப்பாவின் கண் சட்டென்று அந்தப் பக்கம் ஓடிப் போய்த் திரும்பி வந்தது. "தெரியுது."

"சார், கண்ணைத் திருப்பக் கூடாது. இன்னொரு தடவை" என்றாள் அங்கே விளக்கம் சொல்லிக்கொண்டிருந்த அக்கா.

இரண்டாவது தடவை நான் கட்டையை நகர்த்தவே இல்லை. எடுத்து முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டேன். ஏன் செய்தேன்? எப்போதும் செய்வதுதானே, கை தானாகப் போனது.

கொஞ்ச நேரம் கழித்து, தெளிவான குரலில், "தெரியுது" என்றார் அப்பா.

பலகையில் ஒன்றுமே இல்லை. அந்த அக்கா என் கையைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள். நான் செய்த குறும்புகளிலேயே இவ்வளவு கச்சிதமாகப் பலித்தது எதுவும் இல்லை.

லீவு முடிந்து திங்கட்கிழமை அப்பாவுக்கு டூட்டி.

ஜூலை 13, ஞாயிறு

சறுக்குமரப் பூங்கா. குண்டூசி ஏறி இறங்கிக்கொண்டிருந்தான். பெஞ்சில் நானும் அப்பாவும்.

"நேத்து கட்டை என் முதுகுக்குப் பின்னாடி இருந்துச்சுப்பா."

அப்பா சறுக்குமரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "விளையாட்டுக்குச் சொன்னேன்டி."

"விளையாட்டுக்குப் பொய் சொல்ற மூஞ்சி எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாதா? தினமும் கண்ணாடியில பாக்கறேன். உங்க மூஞ்சி அப்படி இல்ல."

செருப்பு நுனியால் மணலைக் கிளறினார். பிறகு, "ஒரு நாள் ஸ்டாப்புல நின்ன பெரியவரை ஏத்தாமலே வந்துட்டேன். கை காட்டிக்கிட்டே ஓடி வந்திருக்காரு. பின்னாடி உக்காந்திருந்தவங்க கத்தினப்பதான் தெரிஞ்சுது. ரெஸ்ட் எடுத்தா சரியாயிடும்னு லீவு போட்டேன்" என்றார்.

"சரியாச்சா?"

"நேரா இருக்கறதெல்லாம் நல்லாத் தெரியுதுடி. டிப்போ கண் டெஸ்ட்ல கடைசி வரி வரைக்கும் படிச்சேன்."

"பஸ்ஸுக்கு ரெண்டு பக்கம் இருக்குப்பா."

இடது பக்கம்தான் கதவு. இடது பக்கம்தான் நடைபாதை, சைக்கிள், ஸ்டாப்பில் நிற்கிற ஜனம், எல்லாம்.

"இதை விட்டா எனக்கு வேற என்ன தெரியும் சொல்லு?" என்றார். பிறகு, "அம்மாகிட்ட சொல்லிடாத." தம்ளரை உடைத்துவிட்டுக் குண்டூசி என்னிடம் கெஞ்சுவானே, அதே குரல்.

இத்தனை நாளும் எங்களுக்கு ஊரைச் சுற்றிக் காட்டினாரா, இல்லை, கூட்டத்தில் நடந்து தன்னைத்தானே சோதித்துப் பார்த்தாரா?

சொன்னால் அப்பாவுக்கு வேலை போகும். சொல்லாவிட்டால் — இந்த வாக்கியத்தை முடிக்க மாட்டேன்.

ஜூலை 14, திங்கள்

"நாங்களும் உங்க பஸ்ல வரோம்" என்றேன். ஊழியர் பிள்ளைகளுக்கு விடுமுறையில் பஸ் இலவசம். அம்மாவுக்குப் பரம சந்தோஷம். "நல்ல யோசனை. கால் வலிக்காம ஊரைப் பாத்துட்டு வாங்க."

நான் ஊரைப் பார்க்கவில்லை. கதவுக்குப் பக்கத்து முதல் ஸீட்டில் உட்கார்ந்து இடது பக்கம் மட்டும் பார்த்தேன்.

"குண்டூசி, சைக்கிள் வருது பாரு! சிவப்புச் சட்டை!" என்று சத்தமாகச் சொல்வேன். அப்பா வேகத்தைக் குறைப்பார். "அதோ ஒரு தள்ளுவண்டி! நாய்! ரெண்டு பசங்க, ஒருத்தன் ரோட்டுல இறங்கிட்டான்!" அப்பா நகர்ந்துகொடுப்பார். குண்டூசிக்கு எல்லாம் விளையாட்டு, கை தட்டினான். முன்னால் உட்கார்ந்திருந்த ஒருவர், "கிரிக்கெட்டுக்குப் போனா நல்லா கமென்ட்ரி குடுப்பே பாப்பா" என்றார்.

பல்லைக் காட்டினேன். கண்ணை மட்டும் நடைபாதையிலிருந்து எடுக்கவில்லை.

அப்பா ஒரு முறை கூட என் பக்கம் திரும்பவில்லை. நான் சொன்ன ஒன்றைக்கூட அவர் கேட்காமல் விடவும் இல்லை.

ஜூலை 16, புதன்

ரயில் நிலையம் — துறைமுகம் — ரயில் நிலையம். தொண்டை கட்டிவிட்டது. தும்மக்கூடப் பயமாக இருக்கிறது, தும்மினால் கண் மூடும். அம்மா கஷாயம் வைத்துக் கொடுத்து, "அப்படி என்னதான் கத்தறே பஸ்ல?" என்றாள். வாய் வரை வந்துவிட்டது. அப்பா தட்டைக் கழுவிக்கொண்டிருந்தார். முதுகைப் பார்த்தாலே தெரிந்தது, கேட்டுக்கொண்டிருக்கிறார்.

குண்டூசியும் இப்போது கற்றுக்கொண்டுவிட்டான். என்னை முந்திக்கொண்டு கத்துகிறான்.

பள்ளி திறந்தால் அந்த ஸீட்டில் யார் உட்காருவார்கள்?

ஜூலை 18, வெள்ளி

நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

மத்தியானம், சந்தைச் சாலை. பஸ் நிறைய ஆட்கள், நின்றுகொண்டு வேறு. இடது பக்கம் வெறும் சுவர். சைக்கிள் இல்லை, ஆள் இல்லை, ஒரு காக்கா கூட இல்லை. கொஞ்சம் மூச்சு விட்டேன்.

குண்டூசி அவ்வளவு நேரம் சும்மா இருந்தால் குண்டூசி இல்லையே.

"அப்பா, சைக்கிள்! சைக்கிள்! பாப்பா!"

பிரேக். இதுவரை நான் கேட்காத சத்தம். நின்றவர்கள் எல்லோரும் முன்னால் சரிந்தார்கள். காய்கறிப் பை ஒன்று என் காலடி வரைக்கும் உருண்டு வந்தது. கல்லூரிப் பையன் ஒருவன் நெற்றி கம்பியில் மோதியது. ரத்தம், புருவத்துக்கு மேலே, மெல்லிசாக.

பின்னாலிருந்து திட்டினார்கள். "யோவ், என்னய்யா ஓட்டற?" அப்பாவின் காதில் எதுவும் விழவில்லை. முதல் முறையாக முழுசாக என் பக்கம் திரும்பினார்.

"இருக்கா, இல்லையா?"

எழுந்து கதவுக் கண்ணாடி வழியாக வெளியே பார்த்தேன்.

"சொல்லுடி! அடிச்சுட்டேனா?"

"இல்லப்பா. யாருமே இல்ல. சுவர்தான்."

"நிஜமாவா?"

"சத்தியமாப்பா. யாருமில்ல."

இரண்டாவது ஸீட்டில் மடியில் குழந்தை வைத்திருந்த ஒரு அக்கா, மெதுவாகத்தான் கேட்டாள். "அந்தப் பொண்ணைக் கேக்கறீங்களே... உங்களுக்குத் தெரியலையா டிரைவர்?"

ஐயோ, அப்போது அப்பா முகத்தை நான் பார்த்திருக்கவே கூடாது. அப்படி ஒரு பயம் அதில். அப்பாக்களுக்கு அப்படிப் பயம் வரும்னு யாரும் எனக்குச் சொன்னதே இல்ல.

குண்டூசி அழ ஆரம்பித்துவிட்டான். "நான் சும்மா சொன்னேன்க்கா... நீ சொல்றாப்பல சும்மா சொன்னேன்..." எப்படித் திட்டுவேன்? இந்த வித்தைக்கெல்லாம் வாத்தியார் நான்தானே.

அப்பா பஸ்ஸை ஓரம் கட்டவில்லை. ஓரம் கட்டுவதற்கும் இடது பக்கம் பார்க்க வேண்டுமே. நின்ற இடத்திலேயே எச்சரிக்கை விளக்கைப் போட்டார். என்ஜினை அணைத்தார். முதலில் அந்தப் பையனிடம் முதலுதவிப் பெட்டியைக் கொடுத்து, "மன்னிச்சிடுங்க தம்பி" என்றார். பிறகு வந்து டிப்போவோடு பேசும் ரேடியோவை எடுத்தார்.

"வேற டிரைவர் அனுப்புங்க."

டிப்போவிலிருந்து என்ன கோளாறு, டயரா, பிரேக்கா என்று கேட்டார்கள்.

"வண்டி நல்லா இருக்கு. எனக்குத்தான் ஒரு பக்கம் கண்ணு தெரியல."

பஸ் முழுக்கக் கேட்டது. யாரும் திட்டவில்லை. ஒவ்வொருவராக இறங்கிப் போனார்கள். வேறு டிரைவர் வரும்வரை நாங்கள் மூன்று பேரும் அந்தச் சுவரோரம் நின்றுகொண்டிருந்தோம்.

ஜூலை 19, சனி

அம்மா அப்பாவை ஒரு வார்த்தை சொல்லவில்லை. என்னைத்தான் பிடித்துக்கொண்டாள். "தெரிஞ்சிருந்தும் அந்த ஸீட்டுல போய் உக்காந்தியே, எதாவது ஆகியிருந்தா? என்கிட்ட சொல்ல உனக்கு வாய் இல்லையா? ஊரையே கலாய்க்கிற வாய்!" கத்திவிட்டு, தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்தாள். மெஷினை ஓட்டவில்லை. "இடிச்சுக்கிட்டப்பல்லாம் கேலி பண்ணிட்டிருந்தேனே" என்று துணியைப் பார்த்துச் சொன்னாள்.

ஜூலை 22, செவ்வாய்

கண் ஆஸ்பத்திரி. கண்ணுக்குள் அழுத்தமாம். போனது போனதுதானாம். சொட்டு மருந்தை ஒழுங்காக விட்டால் இருப்பது இருக்கலாம் என்றார் டாக்டர். 'இருக்கலாம்.' அந்த 'லாம்' எனக்குப் பிடிக்கவில்லை.

"இன்னும் கொஞ்சம் முன்னாடியே வந்திருந்தா..." என்று ஆரம்பித்தவர், என்னைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். நிறுத்தியது நல்லதா கெட்டதா, தெரியவில்லை.

பிள்ளைகளையும் பார்த்துவிடலாம், சில குடும்பங்களில் இது வரும் என்றார். பார்த்தார்கள். எனக்கும் குண்டூசிக்கும் இப்போதைக்கு ஒன்றுமில்லை. வருஷா வருஷம் வர வேண்டும்.

வீட்டுக்கு வந்து ஒரு கண்ணை மூடி, மறு கண்ணை மூடி, சுவரைப் பார்த்தேன். இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

பூங்காவில் போலீஸ் பேண்டு வாசிக்கிறார்கள், இலவசம். அம்மாவும் வந்தாள்.

அப்பாவை டிப்போவில் நேரம் குறிக்கும் அறையில் உட்கார வைத்திருக்கிறார்கள், இப்போதைக்கு. அந்த இப்போதைக்கு எவ்வளவு நாள் என்று வீட்டில் யாரும் கேட்பதில்லை.

பூங்காவுக்கு எதிரே பெரிய சாலை, சிக்னல் இல்லாத இடம். ஒரு பஸ் வந்து நின்று, ஆட்களை இறக்கிவிட்டுக் கிளம்பியது. அப்பா அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. சத்தத்தைக் கேட்டே, "கியரை இந்தப் பாடு படுத்தறான்" என்றார்.

நாங்கள் ஓரத்தில் நின்றோம். அப்பா தலையை இப்படியும் அப்படியும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கொஞ்ச நேரத்தில் திருப்புவதை நிறுத்திவிட்டார்.

"பாத்துச் சொல்லும்மா" என்றார் என்னிடம். அம்மாவும் குண்டூசியும் முன் பின் தெரியாத சிலரும் நின்றிருந்தார்கள். அவர் குரலைத் தாழ்த்திக்கொள்ளவில்லை.

பார்த்தேன். சாலை காலியாகத்தான் இருந்தது. இருந்தாலும் இன்னொரு முறை பார்த்தேன்.

"வாங்கப்பா."

நாலு பேரும் சாலையில் இறங்கினோம்.