குப்பை மூலை அந்தோணியார்

லிங்கராஜபுரம்,
8 பிப்ரவரி 2026

வருங்கால அருள்திரு க்ளென் அவர்களுக்கு,

பாவிகளில் மூத்தவன் நீல், மண்டியிட்டு எழுதுவது. உங்கள் குருமடத்தில் போனைப் பிடுங்கிவிட்டதால் தபால்தலையை நக்கி ஒட்டும் நிலைக்கு வந்துவிட்டேன். வரும் கடிதங்களை ரெக்டர் ஃபாதர் பிரித்துப் படிப்பாராமே. வணக்கம் ஃபாதர். அடுத்த பத்தியை மட்டும் தாண்டிப் போய்விடுங்கள்.

டேய், நம் சந்து முனையில், உங்கள் வீட்டுச் சுவரை ஒட்டிக் குப்பை கொட்டும் மூலை இருக்கிறதல்லவா? மாநகராட்சி ஆட்கள் அதைப் பெருக்கிக் கோலம் போட்டார்கள். மறுநாள் கோலத்தின் மேலேயே குப்பை. சாமி படம் வைத்தால் கொட்டமாட்டார்கள் என்று எல்லாத் தெருவிலும் வைப்பதுதானே? எங்கள் கிறிஸ்துமஸ் குடிலில் இருக்கும் பெரிய மேய்ப்பன் சிலையைத் தூக்கிப்போய் அங்கே ஒரு கல்லின்மேல் நிறுத்தினேன். சும்மா விளையாட்டுக்கு. மேய்ப்பன் கையிலுள்ள ஆட்டுக்குட்டிக்குக் காது உடைந்துவிட்டதால் குழந்தையேசு மாதிரித் தெரிகிறது. ஒரே வாரத்தில் மேய்ப்பன், குழந்தையேசுவைக் கையில் ஏந்திய அந்தோணியார் ஆகிவிட்டார். மெழுகுத்திரி, மல்லிகைச் சரம், செவ்வாய்க்கிழமைகளில் ஜெபமாலை. குப்பை நின்றேவிட்டது. நான் இவ்வளவு நல்லவன் என்று எனக்கே தெரியாது.

இப்போதுதான் சிக்கல். மழை பெய்தால் உங்கள் வீட்டுக்குள் சாக்கடைத் தண்ணீர் வருகிறதே, அதற்காக உன் அம்மா வருடக்கணக்காக மனு கொடுத்துவந்த வடிகால் வேலை பாஸாகிவிட்டது. வடிகால் என்று பெயர்தான். இதுவரை வடிந்ததில்லை, கால்தான் நனைந்திருக்கிறது. நேற்று மாதத்தின் முதல் சனிக்கிழமை, வார்டு கூட்டம். இன்ஜினியர் வரைபடத்தை விரித்தார். தோண்ட வேண்டிய இடம் சரியாக அந்தோணியாரின் காலடி.

"தேவரு, அதான் சாமி, இருக்கிற ஜாகா. ஜனங்க ஒத்துக்காம நான் கடப்பாரை வைக்கமாட்டேன்ப்பா. ஆனா மார்ச் முடியறதுக்குள்ள ஆரம்பிக்கலேன்னா வேலை வேற வார்டுக்குப் போயிடும்" என்றார்.

ஒத்துக்கொள்ளாமல் எழுந்து நின்றது யார் தெரியுமா? உன் அம்மாவேதான்.

"நான் அவர்கிட்ட ஒண்ணு கேட்டு வச்சிருக்கேன் சார். அது நடக்கிற வரைக்கும் அவரை அசைக்க விடமாட்டேன். தண்ணி வந்தா வரட்டும், கட்டில் மேல உக்காந்துக்கறேன்."

நீ சாமியாராகிப் பூசை வைக்கும் நாளைத்தான் கேட்டிருப்பார் என்று சந்தே சொல்கிறது. அதற்கு இன்னும் பத்து வருடம் ஆகுமேடா. மேய்ப்பனை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

உன் நண்பன்,
நீல்


மைசூரு,
17 பிப்ரவரி 2026

அன்பு நீல்,

தாண்டிப் போகச் சொன்ன பத்தியைத்தான் ரெக்டர் ஃபாதர் ஊன்றிப் படித்திருக்கிறார் என்று நினைக்கிறேன். காலைச் சாப்பாட்டில் என்னைப் பார்த்துப் பார்த்துச் சிரித்தார்.

இங்கே எல்லாம் நலம். விடியுமுன் எழுப்புகிறார்கள். ஜெபிக்கிறோம், படிக்கிறோம், தோட்டத்தில் கோஸ் நடுகிறோம். கோஸ் நன்றாக வருகிறது. ஜெப நேரத்தில் மற்றவர்கள் முகத்தில் ஒரு வெளிச்சம் தெரிகிறது. நான் ஜன்னல் வழியாகக் கோஸைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இதை அம்மாவிடம் சொல்லாதே. நான் கிளம்பிய அன்று சந்து முழுக்கக் கேக் கொடுத்தவர். அந்தச் சந்தோஷத்தில் கை வைக்க எனக்குத் தைரியமில்லை.

ஆனால் வீட்டுக்குள் இனியும் சாக்கடை வரக்கூடாது. போன மழையில் தையல் மெஷினைக் கட்டில்மேல் ஏற்றிவிட்டு அம்மா முழங்கால் தண்ணீரில் நின்றதை நீயும் பார்த்தாய். வாளியால் இறைக்க அப்போது நானாவது இருந்தேன். சிலை மேய்ப்பன்தான், வைத்தது நீதான் என்று நேரில் போய்ச் சொல்லிவிடு. திட்டுவார். வாங்கிக்கொள்.

அன்புடன்,
க்ளென்


லிங்கராஜபுரம்,
8 மார்ச் 2026

அன்பு க்ளென்,

சொல்லிவிட்டேன். நேற்றுக் கூட்டம் என்பதால் முந்தின நாளே உன் வீட்டுக்குப் போனேன். ஆன்ட்டி யாருடைய பிளவுஸுக்கோ கொக்கி வைத்துக்கொண்டிருந்தார். குடில், மேய்ப்பன், ஆட்டுக்குட்டியின் காது எல்லாவற்றையும் ஒப்பித்தேன். ஓட வசதியாக வாசற்படியிலேயே நின்றேன்.

நூலைப் பல்லால் கடித்துவிட்டு, "சரி, வச்சே. நான் உன்கிட்டயா கேட்டேன்?" என்றார்.

"இல்ல ஆன்ட்டி, அது அந்தோணியாரே கிடையாது."

"அது எனக்கும் அவருக்கும் உள்ள பேச்சு. நீ யாருடா நடுவுல?"

வாழ்க்கையில் முதல்முறையாக உண்மை சொல்கிறேன், எடுபடவே இல்லை. கடைசியாக ஒன்று முயன்றேன். "நீங்க கேட்டது நடக்கப் பத்து வருஷம் ஆகும் ஆன்ட்டி. அதுக்குள்ள எத்தனை மழை வரும்?"

"எதுக்குடா பத்து வருஷம்? மைசூர்ல பஸ் ஏறினா மூணு மணி நேரம்."

அவர் ஊசியைப் பிளவுஸிலேயே குத்திவைத்தார்.

"போறேன்னு அவ்வளவு ஆசையா சொன்னான். வேணாம்னா கடவுளுக்குக் குறுக்க நின்ன மாதிரி ஆயிடும். அதான் வாயை மூடிக்கிட்டுக் கேக் குடுத்தேன். காணாமப் போனதைத் திருப்பிக் குடுக்கிறவர் அந்தோணியார்தானே? அவர்கிட்ட கேட்டுட்டேன். நீ இதை அவனுக்கு எழுதித் தொலைக்காதே."

எழுதித் தொலைத்துவிட்டேன். நேற்றுக் கூட்டத்திலும் அவர் இறங்கிவரவில்லை. "மாசக் கடைசி வரைக்கும் பார்க்கிறேன்ம்மா" என்று இன்ஜினியர் வரைபடத்தைச் சுருட்டிக்கொண்டார்.

உன் சைக்கிளை வேப்பமரத்தில் தொங்கவிட்டவன் நான். சர்ச்சில் உன் பேருக்குக் கல்யாண அறிவிப்பு ஓலை வாசிக்கச் சொல்லிச் சீட்டு எழுதிக் கொடுத்தவனும் நான். நீ நம்பமாட்டாய் என்று தெரியும். இதில் விளையாட்டு எதுவும் இல்லையடா.

நீல்


மைசூரு,
14 மார்ச் 2026

நீல்,

உன் கடிதத்தில் எங்கே சிரிக்க வேண்டும் என்று தேடிப் பார்த்தேன். கிடைக்கவில்லை. "எதுக்குடா பத்து வருஷம்" என்பது அம்மாவின் குரல். அதை உன்னால் ஜோடிக்க முடியாது.

ரெக்டர் ஃபாதர் அறைக்குப் போனேன். அவரே நாற்காலியை இழுத்துப் போட்டார். "உனக்காக வந்தியா, அம்மாவுக்காகவா?" என்று கேட்டார். வந்தது அம்மாவுக்காக என்றும், இப்போது போக நினைப்பது எனக்காக என்றும் சொன்னேன். அப்படியானால் அழாமல் போ என்றார். அழுதுகொண்டுதான் இருந்தேன் போலிருக்கிறது.

வெள்ளிக்கிழமை பரீட்சை முடிகிறது. சனிக்கிழமை காலை பஸ்ஸில் வருகிறேன். டிரங்குப் பெட்டியும் வருகிறது. அம்மாவிடம் நீயே போய்ச் சொல். நம்பமாட்டார், இந்தக் கடிதத்தைக் காட்டு.

இன்ஜினியரிடம் திங்கட்கிழமை ஆட்களோடு வரச் சொல். சிலையை அம்மாவே எடுப்பார். நீ கிட்டப் போகாதே.

க்ளென்