படகில் ஒரு கல்

அன்புள்ள லீலாவுக்கு,

போனில் பேசினால் மகளும் கேட்பாள். அதனால்தான் இதை எழுதி, ஷார்ஜாவுக்கு வருகிற பக்கத்து வீட்டு ஜெபிஷிடம் கொடுத்துவிடுகிறேன்.

நான் சுகம். பேச்சிப்பாறை அணையில் தண்ணீர் நிறைந்து கிடக்கிறது. நம் படகிலேயே பிறந்தாளே பிந்து, அவள் நேற்று அக்கரையிலிருந்து தன் பிள்ளையோடு வந்தாள். “பாட்டா, நர்சம்மா எப்பம் வருவாவ?” என்று கேட்டாள். மகளுக்குப் பிள்ளை பிறந்திருக்கிறது என்று மட்டும் சொன்னேன்.

அவள் பிறந்த அன்றைக்கு மழையில், நடுத் தண்ணீரில், “திரும்பிப் பாக்காதீங்க, படகு ஆடாம பிடியுங்க” என்று நீ அதட்டினாய். நான் மலையையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிந்து அழுத பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. ரிட்டயர் ஆன பிறகும் நீ மருந்துப் பையோடு முன்பலகையில் வந்து உட்கார்ந்துவிடுவாய்.

மகள் உன்னை அங்கேயே இருக்கச் சொல்கிறாளாம். இரு. லிஃப்ட் உண்டு, உன் முட்டுவலிக்கு நல்லது.

இங்கே ஒரு குறையும் இல்லை. தனியாகத் துடுப்புப் போட்டால் படகின் முன்பக்கம் தூக்கிக்கொள்கிறது. உன் இடத்தில் ஒரு கல்லை வைத்துக்கொள்கிறேன். ஆள் ஏறினால் அதை இறக்க வேண்டும், ஆள் இறங்கினால் மறுபடி ஏற்ற வேண்டும். இந்த வயதில் எத்தனை நாள்தான் நான் கல்லைத் தூக்குவது, சொல்லு.

உன் படகுக்காரன்