யாரும் வசிக்காத ஊரில் இருக்கும் அம்மாவுக்கு

அன்புள்ள அம்மாவுக்கு ஸ்தோத்திரம். உங்கள் முட்டிவலி குறைந்ததா? நான் சுகம். டப்ளின் குளிர் பழகிவிட்டது.

என் வேலை என்னவென்று கேட்டீர்களே! எங்கள் கம்ப்யூட்டர் மூன்று ஷிப்டும் விடாமல் இணையத்தை வாசித்து, தானாகவே உலகத்தைக் கற்றுக்கொள்கிறது. அது கற்றது சரியா என்று நான் பார்க்கிறேன். போன வாரம் நம் ஊரைப் பற்றி, "கோலார் தங்க வயல்: யாரும் வசிக்காத ஊர்" என்றது. சிரித்துக்கொண்டே தப்பு என்று குறித்தேன். மறுநாளும் அதையே சொன்னது. சுரங்கம் மூடிய கதையையே எங்கும் வாசித்தால், பாவம், அது என்ன செய்யும்!

தம்பி டென்னிஸிடம் போனில் சொன்னேன். "இன்னாக்கா இது, ஆளே இல்லியாமா? காலைல பெங்களூர் ட்ரெயின்ல வந்து ஏறச் சொல்லு, கால் வெக்க எடமில்ல!" என்றான்.

பிறகுதான் புரிந்தது. சர்ச் அறிவிப்போ, தண்ணீர் லாரி வரும் நாளோ, எதுவானாலும் நம்மவர்கள் போர்டைப் போட்டோ எடுத்துத்தான் இணையத்தில் போடுகிறார்கள். எங்கள் கம்ப்யூட்டருக்கு எழுத்துதான் தெரியும், படம் தெரியாது.

அதனால் சர்ச்சின் இணையப் பக்கத்தில் எல்லாவற்றையும் டைப் அடித்துப் போடும்படி டென்னிஸிடம் சொல்லுங்கள். யாருக்குக் கல்யாண அறிக்கை வாசித்தார்கள், பாலகாட் சுரங்க லைனில் யார் வீட்டில் ஜெபக்கூட்டம், பாடகர் குழுவில் யார் யார் பாடினார்கள், எல்லாம் வேண்டும். உங்கள் பெயரை விட்டுவிடக் கூடாது. நம் ஊரில் ஆள் இருக்கிறது என்று அது நம்புவதற்குக் கொஞ்ச நாளாகும்.

பஸ் வந்துவிட்டது, முடிக்கிறேன்.

உங்கள் மகள்
வினோலியா

அது நம்பிவிட்டது என்று நான் சொன்னாலும், டைப் அடிப்பதை நிறுத்திவிட வேண்டாம் அம்மா. அதை நானும்தான் வாசிப்பேன்.