விருதுப் பொடியில் கடலை மாவு

9-7-1985, ஆம்பூர்

இந்த நோட்டு யார் கையில் கிடைத்தாலும் தயவுசெய்து யாரிடமும் காட்டாதீர்கள். முக்கியமாக அம்மாவிடம். காட்டினால் ஊரை விட்டே ஓடிவிடுவேன். அரக்கோணம் வரைக்குமாவது.

இன்று வகுப்பில் பில்கிஸ் என் மேலுதட்டை உற்றுப் பார்த்து, "இன்னாடி ஆரோக்கியம், எங்க அண்ணனை விட உனக்கு ஜாஸ்தியா மொளைச்சிருக்கு" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள்.

அம்மா பல்கலைக்கழகத்தில் தவிட்டில் பூஞ்சை வளர்த்து ஒரு பொடி கண்டுபிடித்திருக்கிறாள். ஆட்டுத் தோலில் தடவி மடித்து வைத்தால் மறுநாள் முடி கையோடு வந்துவிடும். சுண்ணாம்புக் குழி வேண்டாம், நாற்றமும் கம்மி. பல்கலைக்கழகமே ஓர் அறை கொடுத்து, தோல் தொழிற்சாலை வைத்திருக்கும் ரஷீத் அஹமது மாமாவோடு கம்பெனி தொடங்க வைத்தது.

ஆட்டுக்கு வேலை செய்வது எனக்குச் செய்யாதா? வீட்டு அலமாரியில் அம்மா வைத்திருந்த டப்பாவிலிருந்து இரண்டு ஸ்பூன் எடுத்து மேலுதட்டில் தடவிக்கொண்டேன். குறைந்தது தெரியாமலிருக்க மேலே கடலை மாவு போட்டு நிரவினேன். நிறம் ஒன்றுதான். ஸ்பூனைத் தலையணை உறைக்குள் ஒளித்துவிட்டேன்.

10-7-1985

முடி அப்படியே இருக்கிறது. உதடுதான் வீங்கிவிட்டது. மிளகாய் என்று சொன்னேன். "மூக்குக்குக் கீழ வச்சா மிளகாய் தின்னே?" என்றாள் அம்மா.

13-7-1985

செத்தேன். அது விருதுக் குழுவுக்காக எடுத்து வைத்த டப்பா! தோல் வியாபாரிகள் சபை புதுமைக்கான விருது கொடுக்கப்போகிறது. நாலு கம்பெனிகளைப் பார்க்கிறார்கள். நம்முடையதற்குச் செவ்வாய்க்கிழமை வருகிறார்கள். வேறு பொடி இல்லை. அடுத்த தவிட்டுத் தட்டில் பூஞ்சை விளையப் பத்து நாளாகும்.

"இது கெடைக்கலைன்னா ரூமைத் திருப்பிக் கேட்டுடுவாங்கம்மா" என்றார் மாமா. அம்மா பேனா மூடியைக் கடித்தாள்.

14-7-1985

சர்ச்சில் பாவசங்கீர்த்தனம் செய்து சாமியாரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடப் போனேன். புதுச் சாமியார் அம்மாவின் பழைய மாணவராம். திரும்பி வந்துவிட்டேன்.

15-7-1985

சொல்லிவிடலாமென்று மூன்று தடவை அம்மாவிடம் போனேன். மூன்று தடவையும் "இன்னா?" என்றாள். மூன்று தடவையும் "தண்ணி" என்றேன். வயிறு முழுக்கத் தண்ணீர். கடைசியில் இடது கையால் ஒரு சீட்டு எழுதி டப்பாவுக்குள் வைத்தேன்: 'மேலே இரண்டு ஸ்பூன் கடலை மாவு. கலக்கவில்லை. மன்னிக்கவும்.'

16-7-1985

அம்மா சீட்டை முந்தானையில் முடிந்துகொண்டிருக்கலாம். யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். டப்பாவைத் திறந்ததும் குழுவின் முன்னால் சத்தமாகப் படித்தாளாம்! ஏன் படித்தாள்? நானாக இருந்தால் விழுங்கியிருப்பேன்.

சாயந்திரம் மாமா டீ குடித்துக்கொண்டே சொன்னார்: "எனக்கு நெஞ்சே நின்னுபோச்சு. 'கடலை மாவுல முடி போவாதுங்க, பஜ்ஜிதான் வரும்'னு சொல்லிட்டேன். ஒருத்தர் கூட சிரிக்கல."

குழுத் தலைவர் யோசித்துவிட்டு, மேலே இருக்கும் மாவைத் தோலின் ஓர் ஓரத்திலும், அடியில் இருக்கும் பொடியை மீதி இடத்திலும் தடவச் சொன்னாராம். நாளைக் காலையில் தெரியும்.

17-7-1985

கணக்கு டீச்சர் கேட்ட கேள்விக்கு "ஆடு" என்று பதில் சொன்னேன்.

வீட்டுக்கு வந்தால் மாமா சிரித்துக்கொண்டிருக்கிறார். தோல் வழுவழுவென்று வந்துவிட்டதாம். மாவு தடவிய ஓரத்தில் மட்டும் ஒரு பட்டை முடி. "மீசையாட்டம்" என்றார். (என்னைப் பார்த்தா சொன்னார்?) தலைவர் இரண்டு இடத்தையும் விரலால் தடவித் தடவிப் பார்த்து, "பொடி பட்டா எப்படி, படலைன்னா எப்படின்னு ஒரே தோல்ல காட்டிட்டீங்க. மத்தவங்க யாரும் இப்படிக் காட்டலையே" என்றாராம்.

26-7-1985

விருதுக் கடிதம் வந்துவிட்டது. பல்கலைக்கழகம் இன்னோர் அறையும் தருகிறதாம். அந்த மீசைப் பட்டையை வெட்டி, கண்ணாடி போட்டுக் கம்பெனிச் சுவரில் மாட்டப்போகிறாள் அம்மா. மாவு போட்டது யார் என்று இதுவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ராத்திரி பஜ்ஜி போட்டாள். என் தட்டில் மட்டும் எட்டு.

"சாப்பிடு. இடது கையால எழுதறவங்களுக்குப் பசி ஜாஸ்தியா இருக்கும்."

அப்படியென்றால்... அன்றைக்கேவா? குழு முன்னால் படிக்கும்போதேவா தெரியும்? ஐயோ, கதவைத் தட்டுகிறாள். "ஆரோக்கியம், தூங்கலைன்னு தெரியும். அந்த ஸ்பூனைக் குடுத்துட்டு