வெறும் எழுத்தாம்

12 புரட்டாதி, வெள்ளி

கோபம் இன்னும் அடங்கவில்லை. என்னிடம் படித்த சுகந்தியை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு அவள் அப்பா வந்தார். அவளுக்குப் புது மாப்பிள்ளை பார்த்திருக்கிறாராம். விவாகப் பதிவுக்கு நான் சாட்சிக் கையெழுத்து வைக்க வேண்டுமாம். கனடாக்காரனோடு நடந்த முதல் பதிவுக்கும் நான்தான் சாட்சி. அவன் இரண்டு வருடமாகத் தொடர்பில் இல்லை, விவாகரத்தும் எடுக்கவில்லை.

“தாலி கட்டேல்லைத்தானே ரீச்சர், வெறும் எழுத்து. கலியாணமாகாதவள் எண்டு போடுவம்.”

“பள்ளிக்கூடம் வராத பிள்ளையின்ரை பேரும் இடாப்பிலை இருக்குமெல்லோ? முதல் பதிவை நீதிமன்றந்தான் வெட்டவேணும். அதுக்கு முதல் செய்யிற கலியாணம் செல்லாது.”

“ஊர் சிரிக்கும். நான் வேறை சாட்சி பிடிக்கிறன்.”

அப்போதுதான் சுகந்தி வாய் திறந்தாள். “பொய் எழுதிப்போட்டு மறியலிலை கம்பி எண்ணப்போறது நான்தானே அப்பா?”

அவர் மோட்டார் சைக்கிளை உதைத்துக் கிளப்பினார். அவள் ஏறவில்லை; அவர் தனியே போய்விட்டார். என் வீட்டு உள்ளறையில் படுத்திருக்கிறாள். திங்கட்கிழமை விவாகரத்துக்குச் சட்டத்தரணியிடம் கூட்டிப் போகவேண்டும்.