ஹலால் முத்திரை போட்ட டப்பா

ஜனவரி 12, திங்கள்

நேற்று என் வீட்டுக்காரர் குணாளன் தைப்பூச விரதம் தொடங்கினார். மகள் காமினி குறைமாதத்தில் பிறந்தபோது மூன்று வருஷம் காவடி எடுப்பதாக நேர்ந்துகொண்டார். இது கடைசி வருஷம். குதிகால் தசைநாரோ வீங்கிக் கிடக்கிறது, செருப்பு மாட்டவே முகம் சுளிக்கிறார். இதோடு பினாங்கு தண்ணீர்மலைக் கோயில் படி ஏறுவாராம். மாத்திரை, பவுடர் எதுவும் வேண்டாமாம், பயிற்சி மட்டும் போதுமாம். பிடிவாதம் பிடித்த மனுஷன்!

ஜனவரி 14

ஆபீஸில் புலம்பியதைக் கேட்டு லைலா ஒரு டப்பா கொலாஜன் பவுடர் கொண்டுவந்தாள். அவள் அண்ணன் பந்தாட்டத்தில் காலைக் கெடுத்துக்கொண்டபோது குடித்ததாம். "தசைநாருக்கு நல்லதுக்கா. ஹலால்தான் லா, பயப்படாதீங்க."

முத்திரையைப் பார்த்தேன். பன்றி இல்லை. சொன்னால் குடிக்க மாட்டார் என்று காப்பியில் ஒரு கரண்டி கலந்துவிட்டேன்.

ஜனவரி 23

கைப்பிடியைப் பிடிக்காமல் படி இறங்கினார். "முருகன் கண்ணத் தொறந்துட்டாரு, பிரமிளா!"

முருகனா, என் கரண்டியா? உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன்.

ஜனவரி 26

டப்பா தீர்ந்தது. இன்னொன்று வாங்கலாமென்று திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் பொடி எழுத்தில் 'லெம்பு' என்று போட்டிருக்கிறது. மாடு. மாட்டுத் தோலில் எடுத்தது.

ஐயோ, என்ன பண்ணிட்டேன்! மலாய் படிக்கத் தெரியாதவளா நான்? பன்றி இல்லைன்னு பார்த்த கண்ணுக்கு இது தெரியலையே. லைலாவை என்ன சொல்ல, அவங்க சாப்பிடுறதுதானே. நான்தான் பார்த்திருக்கணும். முட்டைகூடத் தொடாத மனுஷனுக்கு, விரதத்துல, என் கையாலயே தினமும் — சொல்லிடவா? சொல்லாட்டி யாருக்குத் தெரியும்?

ஜனவரி 27

சொல்லவில்லை.

ஜனவரி 28

சொல்லிவிட்டேன். காவடிக்கு மயிலிறகு கட்டிக்கொண்டிருந்தார், பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. கத்துவார் என்று நினைத்தேன். கட்டிய இறகுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்தார்.

"என்னை ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல."

அவ்வளவுதான். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஜனவரி 31

பால்கனியில் குதிகாலை உயர்த்தி உயர்த்திப் பயிற்சி செய்தார். வலித்ததாகவே தெரியவில்லை. பவுடரோ பயிற்சியோ, கால் நன்றாகிவிட்டது.

பிப்ரவரி 1, தைப்பூசம்

காவடி எடுக்கவில்லை. விடியற்காலையிலிருந்து தண்ணீர்ப் பந்தலில் நின்று மோர் ஊற்றினார். நான் பக்கத்தில் கப் அடுக்கிக்கொண்டிருந்தேன். அவருடைய அக்கா தனலெட்சுமி நேராக வந்து நின்றார்.

"என்னடா தம்பி, கடைசி வருஷம் அதுவுமா காவடி தூக்கல?"

அடுக்கிய கப்புகளையே மறுபடி அடுக்கினேன். குணாளன் என்னைப் பார்க்கவே இல்லை. மோர் வாளியைத் தூக்கிக்கொண்டு இரண்டடி நடந்தார், நொண்டியபடி.

"கால் இன்னும் சரியாகலக்கா."